திண்ணைப் பள்ளிக்கூடம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

சென்ற இதழில் பழைய ஊர்ப் பள்ளிகளைப் பற்றி வெளிவந்த சிறு குறிப்பைப் படித்துவிட்டு, திண்ணைப் பள்ளிக்கூடம் குறித்து வாசகர் பலர் எழுதியிருந்தனர். கேள்விகள் எல்லாம் ஒரே பொருளைச் சுற்றியே வந்திருப்பதால், இந்த முறை இப்பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: ஒரு வீட்டுத் திண்ணை எப்படிப் பள்ளிக்கூடமாக இயங்கியது? அங்கே ஒரு நாள் எப்படிக் கழியும்? (திருவையாறு வாசகி)

திண்ணை என்பது வீட்டுக்கும் தெருவுக்கும் இடைப்பட்ட இடம். வீட்டுக்காரருக்குச் சொந்தமானது என்றாலும், வழிப்போக்கர் கேட்காமலே அமரக்கூடியது. தாழ்வாரத்தின் நிழல், தூண்கள், முதுகுக்குச் சாய்மானமாகச் சுவர், தெருப்பக்கம் முழுவதும் திறந்த வெளிச்சம் ஆகிய இவை போதும் என்று கருதிய ஒரு கல்விமுறை நம் ஊர்களில் பல தலைமுறைகளாக நடந்தது. ஆசிரியர் சொந்த வீட்டுத் திண்ணையில் நடத்துவதும் உண்டு. ஊரில் வசதியுள்ளவர் தம் வீட்டுத் திண்ணையை விட்டுக்கொடுப்பதும் உண்டு. ஆசிரியரைக் கணக்காயர் என்றும், உபாத்தியாயர் என்றும், அண்ணாவி என்றும், வாத்தியார் என்றும் இடத்துக்கு இடம் வெவ்வேறாக அழைத்தார்கள். கணக்காயர் இல்லாத ஊர் நன்மை பயக்காது என்று திரிகடுகம் சொல்வதிலிருந்தே, அவருடைய இருப்பு ஊருக்கு எவ்வளவு இன்றியமையாததாகக் கருதப்பட்டது என்பது விளங்கும்.

பள்ளி விடியற்காலையிலேயே தொடங்கிவிடும். பிள்ளைகள் முதல் நாள் பாடத்தை உரக்கச் சொல்லிக்கொண்டே வந்து சேர்வார்கள். யார் முந்தி வந்தார் என்பதற்கும் ஒரு கணக்கு இருந்தது. அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த பெல்லாரியின் கலெக்டராக இருந்த கேம்ப்பெல் 1823 இல் எழுதிய அறிக்கையில் அந்த வழக்கத்தைக் குறித்திருக்கிறார். முதலில் வந்த பிள்ளையின் உள்ளங்கையில் சரசுவதியின் பெயர் எழுதப்படும். இரண்டாவதாக வந்தவன் கையில் ஒரு சுழியம். அவனுக்குப் புகழும் இல்லை, பழியும் இல்லை. மூன்றாமவனுக்கு மெதுவாக ஓர் அடி, நான்காமவனுக்கு இரண்டு, அதற்குப் பின் வருபவர்க்கு ஒவ்வொன்றாகக் கூடிக்கொண்டே போகும்.

எழுத்துக் கற்பதில் முதல் கருவி மணல். ஆற்றிலிருந்தோ வாய்க்காலிலிருந்தோ பிள்ளைகளே அள்ளிக்கொண்டு வந்த மணலைத் தரையில் பரப்பி, ஆசிரியர் குழந்தையின் சுட்டுவிரலைத் தம் கையால் பற்றி ஓர் எழுத்தை எழுதச் செய்வார். எழுதும்போதே எழுத்தின் பெயரை உரக்கச் சொல்ல வேண்டும். பிறகு அதே தடத்தின் மேல் குழந்தை தானாக விரலை ஓட்டும், வாயும் ஓடும். தவறினால் ஒரு கைவீச்சில் மணல் சமமாகிவிடும். பிழையின் சுவடே இராது. கண்ணும் விரலும் செவியும் நாவும் ஒரே நேரத்தில் ஒரே எழுத்தில் நிற்கும் அந்த ஏற்பாட்டை நினைக்கும்தோறும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

மணலில் கை பழகிய பிறகே ஓலை. இடக்கையில் ஓலையைப் பிடித்து, வலக்கையில் எழுத்தாணியை நிறுத்தி, ஓலையை மெல்ல நகர்த்தியபடி கீறிச் செல்ல வேண்டும். கீறியவுடன் எழுத்துக் கண்ணுக்குத் தெரியாது. விளக்குக்கரியுடன் கோவையிலைச் சாறோ ஊமத்தையிலைச் சாறோ சேர்த்துக் குழைத்த மையைத் தடவித் துடைத்தால்தான், கீறலுக்குள் கறுப்பு நின்று எழுத்து துலங்கும். புதிய சுவடியைத் தொடங்கும்போது இப்படி மை தடவிக் கொடுப்பதையே மையாடல் என்று ஒரு சடங்காகக் கொண்டாடினார்கள். பாடங்கள் ஆத்திசூடியிலும் கொன்றைவேந்தனிலும் தொடங்கி, உலகநீதி, மூதுரை, நல்வழி, வெற்றிவேற்கை, சதகங்கள், நிகண்டு என்று வளர்ந்தன. அவற்றுக்கு இணையாக எண்சுவடி என்னும் கணக்கு வாய்பாடும் நாள்தோறும் நடந்தது; அதைப் பற்றிக் கீழே தனியாக ஒரு கேள்வி வந்திருக்கிறது.

கேள்வி: ‘சட்டாம்பிள்ளை’ என்ற சொல் திண்ணைப் பள்ளியிலிருந்து வந்ததா? அங்கே விடுமுறை உண்டா? (விருதுநகர் வாசகர்)

அந்தச் சொல்லைத் தமிழில் நிலைக்கச் செய்தது திண்ணைப் பள்ளிதான். மூத்த மாணவன் ஒருவன் ஆசிரியருக்குத் துணையாக இருந்து இளையவர்க்குப் பாடம் சொல்லிக் கொடுப்பான். ஆசிரியர் வெளியே சென்றால் பள்ளியைப் பார்த்துக்கொள்வான். அவன் காட்டிய அதிகாரம் பிள்ளைகளின் மனத்தில் எவ்வளவு பதிந்திருந்தது என்பதற்கு, இன்றும் நாம் சொல்லும் ‘சட்டாம்பிள்ளைத்தனம்’ சான்று. ஞாயிற்றுக்கிழமை விடுமுறை என்பது பிற்கால வழக்கம். அன்றைய விடுமுறைகள் நிலவைப் பார்த்து வந்தன. அமாவாசை, பௌர்ணமி, அவற்றை அடுத்த பிரதமை, இடையில் வரும் அட்டமி ஆகியவை பாடம் இல்லாத நாட்கள். அமாவாசையையும் பௌர்ணமியையும் குறிக்கும் ‘உவா’ என்ற பழஞ்சொல் மருவி, இந்த விடுமுறை ‘வாவு நாள்’ என்று வழங்கியது.

கேள்வி: என் தாத்தா ‘முந்திரி, அரைக்காணி, காணி’ என்று ஏதோ வாய்பாடு சொல்வார். அது என்ன? அதனால் யாருக்கு என்ன பயன் இருந்தது? (மன்னார்குடி வாசகர்)

உங்கள் தாத்தா சொன்னது கீழ்வாயிலக்கம், அதாவது ஒன்றுக்குக் கீழ்ப்பட்ட பின்னங்களின் வாய்பாடு. முந்திரி என்பது 320 இல் ஒரு பங்கு. இரண்டு முந்திரி ஓர் அரைக்காணி (160 இல் ஒன்று); இரண்டு அரைக்காணி ஒரு காணி (80 இல் ஒன்று); இரண்டு காணி ஓர் அரைமா (40 இல் ஒன்று); இரண்டு அரைமா ஒரு மா (20 இல் ஒன்று).

இதில் ஒரு சொல்லை மட்டும் சற்று அருகில் வைத்துப் பாருங்கள். மாகாணி என்பது 16 இல் ஒன்று. ஏன் அந்தப் பெயர்? மாவையும் காணியையும் கூட்டினால் மாகாணி. 20 இல் ஒன்று என்பது 80 இல் நான்கு. அதனுடன் 80 இல் ஒன்றைச் சேர்த்தால் 80 இல் ஐந்து. அதுவே 16 இல் ஒன்று. கூட்டலும் விடையும் பெயருக்குள்ளேயே பொதிந்திருக்கின்றன. அரைக்கால் என்றால் காலில் அரை, 8 இல் ஒன்று. நாலுமா என்றால் 5 இல் ஒன்று. இன்று ஐந்தாம் வகுப்பில் பகுதி, தொகுதி, பொதுப் பகுதி என்று தாளில் போராடும் கணக்கை, அன்றைய பிள்ளை சொல்லைக் கொண்டே மனத்துக்குள் முடித்தது.

பயன் யாருக்கு என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் ஊர் காவிரிப் படுகையில் இருப்பதால் நிலத்தையே எடுத்துக்கொள்ளலாம். 100 குழி ஒரு மா. 20 மா ஒரு வேலி. ஆக, வேலியில் 20 இல் ஒரு பங்கு என்பதாலேயே அந்த நிலத்துக்கு மா என்று பெயர். நீள அகலங்களைப் பெருக்கிக் குழி காண்பதற்குக் குழிமாற்று என்று தனி வாய்பாடு இருந்தது. நெல் அளவைக்கு நெல்லிலக்கம் இருந்தது. குத்தகை நெல்லில் தன் பங்கு சரியாக வந்ததா என்று களத்துமேட்டில் நின்றபடியே கணக்கிட இந்தப் படிப்பு போதுமானதாக இருந்தது. முந்திரிக்கும் கீழே கீழ்முந்திரி, இம்மி என்று வாய்பாடு இறங்கிக்கொண்டே போகும். கீழ்முந்திரி என்பது முந்திரியில் 320 இல் ஒன்று. அதில் 21 இல் ஒன்று இம்மி. ‘இம்மியளவும்’ என்று நாம் எழுதும்போது 21,50,400 இல் ஒரு பங்கைச் சொல்கிறோம்.

கேள்வி: நம் திண்ணைப் பள்ளி முறையைத்தான் ஆங்கிலேயர் தங்கள் நாட்டுக்குக் கொண்டுபோனார்கள் என்கிறார்களே, உண்மையா? (சென்னை வாசகர்)

பெரும்பகுதி உண்மை, ஆனால் சொல்லும்போது அளவு தவறக்கூடாது. ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1789 இல் சென்னை எழும்பூரில் படைவீரர்களின் பிள்ளைகளுக்காக ஏற்பட்ட ஆதரவற்றோர் இல்லத்துக்குக் கண்காணிப்பாளரானார். நாட்டுப் பள்ளி ஒன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிக் கற்பதைக் கண்டு, அதைத் தம் பள்ளியில் செய்து பார்க்க விரும்பினார். அங்கிருந்த ஆசிரியர்கள் இணங்காதபோது, எட்டு வயதுச் சிறுவன் ஒருவனைக் கொண்டு இளைய பிள்ளைகளுக்குக் கற்பிக்கச் செய்தார். அது பலித்தது. 1797 இல் அவர் லண்டனில் இதைப் பற்றி எழுதி வெளியிட, அந்த முறை ‘மெட்ராஸ் முறை’ என்ற பெயருடனேயே பரவியது. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் அவர் அளித்த நிதியில் எழுந்த பள்ளி இன்றும் மெட்ராஸ் கல்லூரி என்றே அழைக்கப்படுகிறது.

மணலில் எழுதுவதை இங்கே கண்டதாகப் பெல்லே ஒப்புக்கொண்டார். மாணவனைக் கொண்டு மாணவனுக்குக் கற்பிப்பதைத் தம் கண்டுபிடிப்பாகக் கருதினார். அதே காலத்தில் இங்கிலாந்தில் லங்காஸ்டர் என்பவரும் அதையொத்த முறையைத் தனியே நடத்தினார் என்பதையும் மறைக்கக்கூடாது. ஆயினும் முற்சொன்ன கலெக்டர் கேம்ப்பெல், தேர்ந்த மாணவர் இளையவர்க்குக் கற்பிக்கும் இந்த நாட்டு முறை பாராட்டத்தக்கது என்றும், இங்கிலாந்தில் அதைப் பின்பற்றியது தகுதியானதே என்றும் வெளிப்படையாக எழுதியிருக்கிறார்.

பெல்லுக்கு 83 ஆண்டுகளுக்கு முன்பே நடந்த வேறொரு செய்திதான் எனக்கு இதைவிட நெருக்கமானது. 1706 இல் தரங்கம்பாடிக்கு வந்த ஜெர்மானியக் கிறித்தவ சமயப் பணியாளர் சீகன்பால்கு, தமிழ் கற்பதற்காக ஒரு முதிய திண்ணைப் பள்ளி ஆசிரியரைத் தம் இருப்பிடத்திலேயே பள்ளியை நடத்தச் செய்து, சிறுவர்களோடு தரையில் அமர்ந்து மணலில் எழுத்துப் பழகினார். பின்னாளில் தமிழில் புதிய ஏற்பாட்டை மொழிபெயர்த்து அச்சேற்றியவரின் முதல் ‘அ’ நம் ஊர் மணலில் எழுதப்பட்டது.

கேள்வி: ஆங்கிலேயருக்கு முன்னரே எல்லாரும் படித்திருந்தார்கள் என்று ஒரு சாராரும், படிப்பே இல்லை என்று மறு சாராரும் சொல்கிறார்கள். எதை நம்புவது? (சேலம் வாசகி)

இரண்டையும் நம்ப வேண்டாம், எண்களைப் பார்ப்போம். சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ 1822 இல் மாவட்டந்தோறும் நாட்டுப் பள்ளிகளைக் கணக்கெடுக்க ஆணையிட்டார். 1826 மார்ச்சில் அவர் எழுதிய குறிப்பின்படி, 1,28,50,941 பேர் வாழ்ந்த மாகாணத்தில் 12,498 பள்ளிகள் இருந்தன. அவற்றில் 1,88,650 பேர் படித்தனர். ஏறத்தாழ ஆயிரம் பேருக்கு ஒரு பள்ளி. வீட்டில் படித்தவர்களையும் சேர்த்தால், பள்ளி வயதுச் சிறுவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் அளவுக்குக் கல்வி பெற்றனர் என்று மன்றோ மதிப்பிட்டார். இந்த அறிக்கைகளைத் தொகுத்துத் தரம்பால் என்ற வரலாற்று ஆய்வாளர் 1983 இல் நூலாக வெளியிட்டார். தமிழ் மாவட்டங்களில் பள்ளிக்குச் சென்றவர்களில் பெரும்பான்மையோர், ஏறத்தாழ 70 விழுக்காடு முதல் 84 விழுக்காடு வரை, அக்கணக்கெடுப்பு சூத்திரர் என்றும் பிற சாதியார் என்றும் பதிவு செய்த வகுப்பினர் என்பது அதில் தெளிவாகத் தெரிகிறது. படிப்பு ஒரு சாதிக்கு மட்டுமே உரியதாக இருந்தது என்ற எண்ணத்தை இந்த எண்கள் மாற்றிவிடுகின்றன.

அதே தாளின் மறுபக்கத்தையும் படிக்க வேண்டும். அந்த 1,88,650 பேரில் பெண்பிள்ளைகள் 4,540 பேர்தான். தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்ட மக்களின் பிள்ளைகளுக்குப் பெரும்பாலான திண்ணைகள் மூடியே இருந்தன. திண்ணைக்குக் கதவு கிடையாது. ஆனால் அத்திண்ணை இருந்த தெருவுக்குள்ளேயே அவர்கள் நுழைய முடியாதபோது, திறந்திருந்து என்ன பயன்? அவர்களுக்கென்று தனிப் பள்ளிகள் எழ நெடுங்காலம் ஆயிற்று. பிரம்மஞான சபையை நிறுவியவர்களில் ஒருவரான கர்னல் ஆல்காட் 1894 இல் அடையாற்றில் தொடங்கிய இலவசப் பள்ளி அவ்வகையில் முன்னோடியானவற்றில் ஒன்று. திண்ணைக்குள்ளும் எல்லாம் இனிமையாக இருக்கவில்லை. கயிற்றைப் பிடித்துக்கொண்டு பிள்ளையைத் தொங்கவிடும் ‘கோதண்டம்’ போன்ற தண்டனைகளை நினைத்தால் மனம் பதறுகிறது. பொருள் விளங்காமலே மனப்பாடம் செய்த பிள்ளைகளும் மிகுதி. நம் முன்னோரின் பள்ளியை மதிப்பவர்களே இவற்றை முதலில் சொல்ல வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். மறைத்துப் போற்றினால், அடுத்த தலைமுறை அந்த மறைப்பை மட்டுமே கண்டுபிடிக்கும்.

கேள்வி: இவ்வளவு பள்ளிகளும் எப்படி மறைந்தன? (கோவில்பட்டி வாசகர்)

ஒரே நாளில் யாரும் மூடவில்லை. கேம்ப்பெல் 1823 லேயே காரணத்தைத் தொட்டிருக்கிறார்: ஐரோப்பியத் துணிகள் வந்து நெசவு நொடித்ததாலும் மக்கள் வறுமைப்பட்டதாலும், முன்பு பள்ளி இருந்த பல ஊர்களில் இப்போது பள்ளி இல்லை என்றார். பெற்றோர் கொடுத்தால்தான் ஆசிரியர் சாப்பிட முடியும். பொதுவாக ஓர் ஆசிரியரின் மாத வருவாய் ஆறு, ஏழு ரூபாயைத் தாண்டவில்லை என்று மன்றோ குறித்திருக்கிறார். 1854 இன் கல்வி அறிக்கைக்குப் பிறகு அரசு மானியம் வந்தது. மானியத்தோடு ஆய்வாளரும், வருகைப் பதிவேடும், அச்சுப் புத்தகமும், ஆசிரியர் சான்றிதழும் வந்தன. இவற்றுக்கு இணங்கிய திண்ணைகள் உதவிபெறும் தொடக்கப் பள்ளிகளாக உருமாறின. இணங்காதவை, வாத்தியாரின் காலத்தோடு முடிந்தன. ஆகவே, முழுவதும் மறைந்தன என்பதும் சரியன்று. சிறு நகரங்களில் ஒரே குடும்பம் மூன்று நான்கு தலைமுறையாக நடத்திவரும் உதவிபெறும் தொடக்கப்பள்ளியைக் கண்டால், அதன் வேர் எங்கே இருக்கிறது என்று விசாரித்துப் பாருங்கள். பல இடங்களில் அது ஒரு திண்ணையில் போய் முடியும்.

கேள்வி: 1940களின் தொடக்கம் வரை என் தாத்தா எங்கள் வீட்டுத் திண்ணையில் பள்ளி நடத்தினார். ஓட்டு வீடு; சுவர் ஓரிரு இடங்களில் பொரிந்திருக்கிறது. இடித்துவிட்டுக் கட்டலாம் என்று அண்ணன் சொல்கிறார். பரணில் ஓலைக்கட்டு ஒன்றும் இருக்கிறது. கதவுக்குப் பின்னால் நின்று கேட்டே வாய்பாடு கற்ற என் பெரிய அத்தை, 91 வயதிலும் அதைத் தவறாமல் சொல்கிறார். நாங்கள் என்ன செய்ய வேண்டும்? (கும்பகோணத்துக்கு அருகிலிருந்து ஒரு வாசகர்)

உங்கள் கடிதத்தை நான் மூன்று முறை படித்தேன். முதலில் வீட்டைப் பற்றிச் சொல்கிறேன். தொல்லியல் சட்டங்கள், அதாவது 1958 ஆம் ஆண்டின் மத்தியச் சட்டமும் 1966 ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டமும், அரசு முறைப்படி அறிவித்த சின்னங்களையே காக்கின்றன. தனியார் வீட்டுத் திண்ணை தானாக அவற்றுக்குள் வந்துவிடாது. எனவே முடிவு உங்கள் குடும்பத்தின் கையில்தான் இருக்கிறது. அண்ணன் மேல் வருத்தப்பட வேண்டாம்; ஒழுகும் வீட்டில் குடியிருப்பவருக்கு அதன் துன்பம் தெரியும். ஆனால் வீடு முழுவதையும் இடிப்பதா, முழுவதையும் காப்பதா என்ற இரண்டில் ஒன்றாக இதைப் பார்க்கத் தேவையில்லை. முன்தாழ்வாரத்தையும் திண்ணையையும் அப்படியே நிறுத்திக்கொண்டு, பின்கட்டைப் புதிதாகக் கட்டலாமா என்று ஒரு பொறியாளரைக் கேளுங்கள். சுவர் பொரிந்த இடத்தில் சிமென்ட் பூச வேண்டாம். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை இழுத்து வெளியே விடும் இயல்புடையது. சிமென்ட் அந்த வழியை அடைத்துவிடுவதால், ஈரம் உள்ளேயே தங்கிச் சுவர் மேலும் உதிரும். கடுக்காயும் வெல்லமும் சேர்த்துச் சுண்ணாம்புக் காரை குழைக்கத் தெரிந்த கொத்தனார்கள் உங்கள் பகுதியில் கோயில் திருப்பணிகளில் இருப்பார்கள். அவர்களில் ஒருவரை அழைத்துக் காட்டுங்கள். இடிப்பதே முடிவானால், அதற்கு முன் திண்ணையின் நீளம், அகலம், உயரம், தூண்களின் இடைவெளி ஆகியவற்றை அளந்து வரைந்து, எல்லாப் பக்கத்திலிருந்தும் படம் எடுத்து வையுங்கள்.

அடுத்தது ஓலைக்கட்டு. தண்ணீரால் துடைக்காதீர்கள், ஒட்டிக்கொண்ட ஏடுகளைப் பிரித்து இழுக்காதீர்கள், ரப்பர் வளையம் போடாதீர்கள். எண்ணெய் பூசுவதைச் சுவடி நூலகத்தாரிடம் விட்டுவிடுங்கள்; அவர்கள் எலுமிச்சைப்புல் எண்ணெயை முறையறிந்து பயன்படுத்துவார்கள். தூய பருத்தித் துணியில் சுற்றி, ஈரமில்லாத இடத்தில் வைத்து, இப்போதுள்ள வரிசை மாறாமல் ஒவ்வோர் ஏட்டையும் இருபுறமும் படம் எடுங்கள். தஞ்சாவூர் சரசுவதி மகால் நூலகமும் தமிழ்ப் பல்கலைக்கழகமும் உங்களுக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன. சென்னையில் அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகமும் உ. வே. சாமிநாதையர் நூலகமும் உள்ளன. எங்கே கொடுத்தாலும், எந்த ஊர், எந்தத் திண்ணை, யார் நடத்திய பள்ளி என்பதை எழுதி அதனுடன் சேர்த்துக் கொடுங்கள். அந்தக் குறிப்பு இல்லாமல் போன கட்டு, ஊர் பேர் தெரியாத ஏடாகிவிடும். பழம்பொருள் வாங்குவோர் தேடி வந்தால் மறுத்துவிடுங்கள். 75 ஆண்டுகளுக்கு மேற்பட்ட, அறிவு மதிப்புடைய சுவடிகள் 1972 ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள்கள். தனியார் அவற்றை வெளிநாட்டுக்குக் கொண்டுசெல்ல முடியாது. வாத்தியார் கையால் எழுதிய சாதாரண எண்சுவடிதானே என்று எண்ணிவிடாதீர்கள். பெரும் புலவர்களின் நூல்களுக்குப் படிகள் பல இடங்களில் கிடைக்கும். ஓர் ஊர்ப் பிள்ளைக்கு அந்த ஊர் வாத்தியார் எழுதிக்கொடுத்த வாய்பாட்டுக்கு அந்த ஒரே படிதான். அப்படிப்பட்ட கட்டுகள் எத்தனையோ, ஆடிப்பெருக்கில் ஆற்றோடு போய்விட்டன.

இனி உங்கள் அத்தை. சுவரும் ஓலையும் அடுத்த மாதம் வரை காத்திருக்கும். அத்தையின் குரலை இந்த வாரமே பதிவு செய்யுங்கள். கைப்பேசி போதும்; மின்விசிறியை நிறுத்திவிட்டு, காலையில் அவர் தெளிவாக இருக்கும் நேரத்தில், அருகில் அமர்ந்து கேளுங்கள். முந்திரியிலிருந்து தொடங்கி அவர் சொல்லும் மெட்டிலேயே சொல்லட்டும். நடுவில் நிறுத்தித் திருத்த வேண்டாம், ஏனென்றால் அந்த மெட்டுதான் வாய்பாட்டின் நினைவு. சொல்லி முடித்த பிறகு, மணல் எங்கிருந்து வந்தது, எத்தனை பிள்ளைகள், எந்தெந்தத் தெருவிலிருந்து வந்தார்கள், எந்தத் தெருப் பிள்ளைகள் வரவில்லை, அவர் எந்தக் கதவுக்குப் பின்னால் எந்தப் பக்கம் நின்று கேட்டார் என்பதையெல்லாம் கேளுங்கள். அவர் சொல்லும் அந்த இடத்தில் அவரையே நிற்க வைத்து ஒரு படமும் எடுத்து, பதிவின் ஒரு படியை ஓலைக்கட்டுடன் நூலகத்துக்குக் கொடுங்கள்.